மின்னூலின் அமைப்பும் விலையும்

காகித ஆலைக்குப் பெயர்பெற்ற பள்ளிபாளையத்திலிருந்து காகிதமில்லா நூலைப் பற்றி எழுதப் புகுகின்றோம். தம் கவிதைகளைத் தாமே மின்னூலாக்க விழையும் மாணவர், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்க. இன்றேல் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும்.

அடியமைப்பே பெருஞ்சிக்கல். மின்னூலில் பக்கம் நிலையானதன்று. எழுத்தைப் பெரிதாக்கினால் அடி மடங்கும். சீறாப்புராண விருத்தமொன்றைக் கைப்பேசியில் காணின், மடங்கிய சீர் தனியடிபோல் நின்று யாப்பறியாதாரை மயக்கும். மடங்கும் பகுதி சற்று உள்தள்ளி நிற்குமாறு பத்தியமைப்பிலேயே குறித்துவிட்டால் இம்மயக்கம் நீங்கும். இதற்கு அஞ்சிப் பாடல்களைப் படமாக்கி ஒட்டுவோர் உளர். அப்படத்துள் ஒரு சொல்லையும் தேட இயலாது, கோப்பும் பருக்கும்.

பருமன் விலையையும் தொடும். அமேசான் கிண்டிலில் ரூ.99 முதல் ரூ.449 வரை விலையிட்டு, மின்வடிவை வேறெங்கும் விற்பதில்லை என இசைந்தால், இந்திய விற்பனையில் ஆசிரியர்க்கு 70 விழுக்காடு. ஆயின், கோப்பின் அளவிற்கேற்ப அனுப்புகூலி கழியும். ஏனையோர்க்கு 35 விழுக்காடு. வரி நீங்கலாக ரூ.49 எனின் கைக்கு வருவது ரூ.17 அளவே. எனினும், நாற்பது பக்கக் கவிதைநூலுக்கு ரூ.99 மிகையென்பதே எம் கருத்து. விலையே வேண்டாதார், 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின்வழித் தம் நூலை இலவசமாக வழங்கலாம்.