பழைய போர் விமானங்கள் பறக்கலாமா?

எண்பது வயதைக் கடந்த பாட்டனாரை ஓட்டப் பந்தயத்தில் ஓட விடுவோமா? மாட்டோம். ஆனால் எண்பது வயதைக் கடந்த விமானங்களை இன்றும் வானில் பறக்க விடுகிறார்கள். பல்லாயிரம் மக்கள் கூடி நின்று அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகிறார்கள். இரண்டாம் உலகப் போரிலும் அதற்குப் பின்னரும் பணிபுரிந்து ஓய்வு பெற்ற போர் விமானங்களே இவை. பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் கோடைக் காலம் வந்துவிட்டால் இத்தகைய விமானக் காட்சிகள் பல நடைபெறும்.

இக்காட்சிகளில் விபத்துகளும் நேர்ந்துள்ளன. விமானிகளும் பயணிகளும் இறந்திருக்கிறார்கள். காட்சிக்கும் தமக்கும் தொடர்பே இல்லாமல் சாலையில் சென்றுகொண்டிருந்தவர்களும் உயிரிழந்திருக்கிறார்கள். அப்படியானால் பழைய விமானங்களைப் பறக்கவிடுவது சரிதானா? இதற்கு விடை காண, அவற்றின் பயனையும் ஆபத்தையும் அறிவியல் கண்கொண்டு பார்ப்போம்.

பறப்பதால் என்ன பயன்?

'விமானத்தைக் காட்சிசாலையில் நிறுத்திவைத்தால் போதாதா? அது பறக்கத்தான் வேண்டுமா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். நிறுத்திவைத்த விமானத்தில் அதன் உருவம் மட்டுமே எஞ்சும். அதை இயக்கும் கலை எஞ்சாது. ஸ்பிட்ஃபயர் என்னும் பிரிட்டிஷ் சண்டை விமானம் முதன்முதலில் பறந்தது 1936-ஆம் ஆண்டு மார்ச் 5 அன்று. அதன் மெர்லின் எஞ்சினில் 12 சிலிண்டர்கள் உண்டு. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 27 லிட்டர். அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும், அதன் ஓசையைக் கேட்டே குறையைக் கண்டறியவும் தெரிந்த கைகள் வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்தத் திறமை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்.

நினைவைக் காப்பதும் ஒரு பயன். பிரிட்டனின் விமானப்படை 1957-ஆம் ஆண்டு முதல் இதற்கெனவே ஒரு பிரிவை நடத்தி வருகிறது. நம் இந்திய விமானப்படையிலும் 'பரசுராமா' என்று பெயரிடப்பட்ட டகோட்டா விமானம் ஒன்று 2018-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று நம் படைவீரர்களை ஸ்ரீநகருக்கு ஏற்றிச் சென்ற டகோட்டாவின் நினைவாக, அதே வி.பி.905 என்ற எண் இதற்கும் இடப்பட்டது.

ஆகவே, பயன் உண்மையானதுதான். இனி ஆபத்துகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

உலோகத்திற்கும் களைப்பு உண்டு

ஒரு மெல்லிய கம்பியை ஒருமுறை வளைத்தால் உடையாது. முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் உடைந்துவிடுகிறது அல்லவா? ஒரே தடவையில் முறிக்க முடியாத சிறு விசையும் திரும்பத் திரும்பச் செயல்படும்போது உலோகத்தில் நுண்ணிய விரிசலை உண்டாக்குகிறது. அவ்விரிசல் சிறிது சிறிதாக வளர்ந்து, ஒருநாள் உலோகம் சட்டென முறிகிறது. இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர்.

விமானத்தின் இறக்கைக்குள், வீட்டுக் கூரையைத் தாங்கும் உத்திரம் போல் ஒரு நீண்ட உறுப்பு உண்டு. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் திரும்பும்போதும் அது வளைந்து நிமிர்கிறது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கைகள், விமானத்தின் எடையைப் போல் இரு மடங்கு சுமையைத் தாங்கவேண்டும்! போர்க்காலத்தில் இவ்விமானங்களைச் செய்தவர்கள், அவை எண்பது ஆண்டுகள் உழைக்கும் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். சில நூறு மணி நேரம் பறந்தாலே போதும் என்பது அக்கால நிலை.

லங்காஸ்டர் என்னும் குண்டுவீச்சு விமானங்கள் மொத்தம் 7,377 கட்டப்பட்டன. இன்று பறக்கும் நிலையில் பேணப்படுபவை இரண்டே: ஒன்று பிரிட்டனில், மற்றொன்று கனடாவில். பிரிட்டனில் உள்ள விமானத்தின் முதன்மை உத்திரம் 1995–96-இல் மாற்றிப் பொருத்தப்பட்டது. பறக்கும் நேரத்திற்கு வரம்பு வைத்து, குட்டிக்கரணம் போன்ற வித்தைகளில் ஈடுபடுத்தாமல் அதைப் பேணி வருகிறார்கள். அமெரிக்காவின் பி-17 விமானங்களில், இறக்கையும் உடற்பகுதியும் இணையும் இடத்தில் விரிசலும் அரிப்பும் காணப்பட்டதால், 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அவற்றைச் சோதிக்குமாறு ஆணையிட்டது. களைப்பைத் தடுக்க முடியாது. ஆனால் விரிசலைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். உறுப்பை மாற்ற முடியும்.

ஒரு சிறு கம்பி செய்த கேடு

சுருள் கம்பிக்கு அருகில் காந்தத்தைச் சுழற்றினால் கம்பியில் மின்சாரம் உண்டாகும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பழைய விமான எஞ்சின்களில் இத்தத்துவத்தின்படி இயங்கும் மாக்னெட்டோ என்ற கருவி உண்டு. எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறியைத் தருவது இதுவே. ஒன்று பழுதானாலும் எஞ்சின் நின்றுவிடக்கூடாது என்று, ஒவ்வோர் எஞ்சினிலும் இரண்டு மாக்னெட்டோக்களைப் பொருத்தினார்கள்.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பி-17 விமானம் 13 பேருடன் புறப்பட்டது. அவர்களுள் பலர், பழைய விமானத்தில் பறந்து பார்க்கும் ஆவலில் வந்த பயணிகள். சிறிது நேரத்திலேயே நான்காம் எஞ்சின் தொல்லை கொடுத்தது. திரும்பித் தரையிறங்க முயன்ற விமானம் விபத்துக்குள்ளாகி 7 பேர் இறந்தனர். ஆராய்ந்தபோது அந்த எஞ்சினின் ஒரு மாக்னெட்டோவில் கம்பி இடம் பெயர்ந்திருந்தது தெரிந்தது. மற்றொன்றில் தொடுமுனைகள் போதிய அளவு விலகித் திறக்கவில்லை. இரண்டு காவலர்களும் ஒரே நேரத்தில் உறங்கிவிட்டது போன்ற நிலை! மூன்றாம் எஞ்சினும் முழு ஆற்றலைத் தரவில்லை. எஞ்சினை நிறுத்திய பிறகு விமானத்தின் வேகம் சரியாகப் பேணப்படவில்லை என்பதும், பராமரிப்பில் இருந்த குறைகளும் அறிக்கையில் சுட்டிக்காட்டப்பட்டன. அவ்விமானத்தை நடத்திய அமைப்புக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல வழங்கப்பட்டிருந்த அனுமதி 2020-இல் நீக்கப்பட்டது.

பெரும் விபத்து பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருவதில்லை. சிறு சிறு குறைகள் ஒன்றுகூடி வருகின்றன.

வேகமும் உயரமும்: ஒரு கணக்கு

இனி நாம் காணப்போவது, விமானத்தின் பழுது காரணமாகக் கருதப்படாத ஒரு விபத்து. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் நகரில் விமானக் காட்சி நடைபெற்றது. ஹாக்கர் ஹண்டர் என்னும் 1950-களைச் சேர்ந்த ஜெட் விமானம் ஒன்று அங்கே குட்டிக்கரணம் போட முற்பட்டது. தாழப் பறந்து வந்து, செங்குத்தாக மேலே ஏறி, உச்சியில் தலைகீழாகி, மறுபுறம் கீழிறங்கி மீண்டும் நேராக வேண்டும். ஆனால் கீழிறங்கி நிமிர்வதற்குள் தரை வந்துவிட்டது. அருகிலிருந்த நெடுஞ்சாலையில் விமானம் விழுந்தது. சாலையிலும் அதன் ஓரத்திலும் இருந்த 11 பேர் மாண்டனர். விமானி படுகாயத்துடன் உயிர் தப்பினார்.

காரணம் என்ன? ஆற்றல் அழிவின்மை விதியைக் கொண்டு நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மேலே ஏறும் விமானத்தின் இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறுகிறது.

இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகம் × வேகம்
நிலை ஆற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்

இரண்டையும் சமப்படுத்தினால் இருபுறமும் நிறை நீங்கிவிடும்.

உயரம் = (வேகம் × வேகம்) ÷ (2 × 9.8)

ஹண்டர் இவ்வித்தையைத் தொடங்கக் குறைந்தது 350 நாட் வேகம் வேண்டும். அதாவது நொடிக்கு 180 மீட்டர். அன்று அது தொடங்கியதோ ஏறத்தாழ 310 நாட். நொடிக்கு 159 மீட்டர். இவ்வெண்களை மேற்கண்ட சமன்பாட்டில் இட்டால் முதல் வேகத்திற்கு 1,653 மீட்டரும், இரண்டாவதற்கு 1,290 மீட்டரும் கிடைக்கும். வேகம் நூற்றுக்கு 11 பங்குதான் குறைவு. ஆற்றலோ நூற்றுக்கு 22 பங்கு குறைந்துவிட்டது! வேகத்தை வேகத்தாலேயே பெருக்குவதால் வரும் விளைவு இது.

உண்மையில் எஞ்சின் விமானத்தை உந்துகிறது. காற்று அதைத் தடுக்கிறது. உச்சியிலும் விமானத்திற்குச் சிறிது வேகம் தேவை. எனவே, நம் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் குறையின் தன்மையை அது சரியாகக் காட்டுகிறது. உச்சியில் குறைந்தது 3,500 அடி உயரம் இருந்திருக்கவேண்டும். விமானம் எட்டியது 2,700 அடியே. ஏறும்போது எஞ்சினின் முழு உந்து விசையும் பயன்படவில்லை என்பதும் ஆய்வில் தெரிந்தது.

உயரம் குறைந்தால் வட்டத்தைச் சிறிதாக்கித் தப்பிவிடலாமே என்று தோன்றும். வட்டம் சிறிதானால் தேவைப்படும் மையநோக்கு விசை பெரிதாகும். அதைத் தரவேண்டியவை இறக்கைகளே. அவற்றின் திறனுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் வேறொரு வழி இருந்தது. உச்சியைக் கடந்து ஏறத்தாழ 4 நொடி வரையில், வித்தையைக் கைவிட்டு விமானத்தைப் புரட்டி நேராக்கித் தப்பியிருக்க முடியும் என்று ஆய்வாளர்கள் கண்டனர். விமானிக்கு வேறொரு வகை விமானத்திற்கு உரிய எண்கள் நினைவுக்கு வந்திருக்கலாம் என்றும் கருதினர். ஒவ்வொரு விமானத்திற்கும் அதற்கே உரிய எண்கள் உண்டு. உச்சியில் அந்த உயரம் இல்லையென்றால் இறங்கக்கூடாது; அவ்வளவே.

ஒரே வானில் பல விமானங்கள்

2022-ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த காட்சியில், பி-63 கிங்கோப்ரா என்னும் சண்டை விமானம் ஒரு பி-17 விமானத்தின் மீது மோதியது. இரண்டிலும் இருந்த 6 பேரும் இறந்தனர். சாய்ந்து திரும்பும் விமானத்தில், அதன் மூக்கும் இறக்கையுமே விமானியின் பார்வையை மறைத்துவிடும். ஆகவே 'பார்த்து விலகிக்கொள்' என்ற முறையை நம்பியிருக்க முடியாது. யார் எந்த உயரத்தில், எந்தப் பாதையில் பறப்பது என்பதைத் தரையில் இருக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். அன்று அத்தகைய திட்டம் போதிய அளவில் வகுக்கப்படவில்லை. காட்சி நடந்துகொண்டிருந்தபோதே வானொலி வழியாகக் கட்டளைகள் தரப்பட்டன என்று விசாரணை கூறியது.

கூட்டத்தை நோக்கித் திரும்பாதே!

1952-ஆம் ஆண்டு செப்டம்பர் 6 அன்று இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் டி.எச்.110 என்ற விமானம் வானிலேயே உடைந்தது. அது பழைய விமானமன்று. அந்நாளில் புத்தம் புதியது. அது கூட்டம் இருந்த பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது உடைந்ததால், ஓர் எஞ்சின் பார்வையாளர் நடுவே வந்து விழுந்தது. 29 பார்வையாளரும் விமானத்தில் இருந்த இருவரும் மாண்டனர்.

நியூட்டனின் முதல் விதியை நினைவுகூருங்கள். விமானம் உடைந்தாலும் அதன் துண்டுகள் நின்றுவிடுவதில்லை. சென்ற திசையிலேயே தொடர்ந்து செல்கின்றன. எனவே, கூட்டத்தை நோக்கி வராமல், கூட்டத்திற்கு இணையாக, குறிப்பிட்ட தூரத்திலுள்ள ஒரு கோட்டுக்கு அப்பால் பறக்கவேண்டும் என்ற விதி கண்டிப்பாக்கப்பட்டது. அதன் பின் பிரிட்டனில் காட்சித் திடலுக்குள் இருந்த பார்வையாளர் வெகுவாகப் பாதுகாக்கப்பட்டனர். ஆனால் ஷோரத்தில் இறந்தவர்கள் திடலுக்கு வெளியே இருந்தவர்கள். திடலைக் காத்த விதி சாலையைக் காக்கவில்லை. அவ்விபத்திற்குப் பிறகு பிரிட்டனில் இவ்வகைப் பழைய ஜெட் விமானங்கள் நிலப்பகுதியின் மேல் வித்தைகள் செய்வதற்குத் தடை விதிக்கப்பட்டது.

ஆபத்தை ஏற்பவர் யார்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். விமானி ஆபத்தை அறிந்து தாமாகவே ஏற்கிறார். பயணம் செய்பவர், தமக்கு எல்லாம் விளக்கப்பட்டிருந்தால், ஓரளவு அறிந்து ஏற்கிறார். பார்வையாளர், தம்மை யாரோ காக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் வருகிறார். சாலையில் செல்பவரோ எதையும் ஏற்கவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. எனவே, மிகுதியான பாதுகாப்பு அவருக்கே உரியது.

பழைய விமானங்கள் பறக்கலாம். ஆனால் அவற்றின் வயதுக்குரிய மரியாதையோடு பறக்கவேண்டும். உத்திரத்தைச் சோதித்து, எஞ்சினைப் பேணி, எண்களை மீறாமல், மக்கள் இல்லாத நிலத்தின் மீதோ கடலின் மீதோ பறந்தால் பயன் பெரிது, ஆபத்து சிறிது. இவற்றில் எதையேனும் செய்ய இயலாதபோது, அவ்விமானத்தைக் காட்சிசாலையில் நிறுத்தத் தயங்கக்கூடாது. அதனால் அதன் பெருமை குறைந்துவிடாது.

பயிற்சி

1. ஒரு விமானம் நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் மேலே ஏறத் தொடங்குகிறது. எஞ்சினையும் காற்றுத் தடையையும் கணக்கில் கொள்ளாவிட்டால், அது எவ்வளவு உயரம் செல்லும்? வேகம் 90 மீட்டரானால் எவ்வளவு?

2. தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கிடையாகப் பறக்கும் விமானத்திலிருந்து ஒரு துண்டு கழன்றுவிடுகிறது. காற்றுத் தடை இல்லையெனில் அது எவ்வளவு தூரம் சென்று தரையில் விழும்?

3. உங்கள் ஊரில் விமானக் காட்சி நடத்துவதானால், எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள்? விமானங்கள் எத்திசையில் பறக்கவேண்டும்? ஊரின் வரைபடம் ஒன்றில் குறித்து, நண்பர்களுடன் விவாதியுங்கள்.

விடைகள்: 1. ஏறத்தாழ 510 மீட்டர், 413 மீட்டர். 2. விழ ஆகும் நேரம் ஏறத்தாழ 3.5 நொடி, தூரம் 350 மீட்டர்.