வேற்றுமொழி நாட்டில் வழிச்செலவு

கரிவலம்வந்தநல்லூரில் பிறந்த மாணவன் ஒருவன் பால்வண்ணநாதர் திருக்கோயில் வீதியில் எவரை நிறுத்தி வழி வினவினும் விடை பெறுவான். நீர் வேண்டுமெனின் நீர் கிடைக்கும். நோயுற்றேன் எனின் மருத்துவர் இல்லம் காட்டப்படும். மொழி நிழல்போல் உடன்வருதலால் அதன் அருமையை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. அவனே வடநாட்டுப் புகைவண்டி நிலையம் ஒன்றில் தனியே இறங்குவானாயின், கற்றவனாயினும் வாயிருந்தும் பேச்சற்றவன் ஆகின்றான். மேற்படிப்புக்கும் தொழிலுக்குமாக நம் மாணவர் பலர் நாளை அந்நிலையை எய்தக்கூடும். ஆதலின், மொழியறியா நாட்டில் தனித்துச் செல்வோன் அறியத்தக்கன சிலவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நம் பகுதிக்கும் காசிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அரசாண்ட வரதுங்கராம பாண்டியரின் உறவினர் அதிவீரராம பாண்டியர். அவர் காசியின் பெருமையைத் தமிழில் காசிகாண்டம் என்னும் நூலாகச் செய்தார். பதினேழாம் நூற்றாண்டில் தாமிரவருணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபர அடிகளோ காசிக்கே சென்று வாழ்ந்தார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு அது. அங்கே மடம் நிறுவ அவர் விழைந்தார். அதற்கு முகலாய ஆட்சியாளரின் இசைவு வேண்டும். அவர்கள் பேசியதோ இந்துஸ்தானி. அடிகள் கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லிமாலை பாடி அம்மொழித் திறம் பெற்றார் என்பது மரபுவழி வந்த வரலாறு. நம் மொழியில் எத்துணைப் புலமை இருப்பினும், சென்ற நாட்டில் அந்நாட்டு மொழியே காரியத்தை முடிக்கும் என்பது இதனால் நாம் அறியும் உண்மை.

சீனத் துறவியாகிய இத்சிங் என்பாரின் செயலும் இங்கே நினைக்கத்தக்கது. அவர் 671ஆம் ஆண்டில் இந்தியாவை நோக்கிக் கப்பலேறினார். ஆயினும் நேரே வந்துவிடவில்லை. இடையிலே சுமத்திராத் தீவிலிருந்த ஸ்ரீவிசய நாட்டில் ஆறு திங்கள் தங்கி, வடமொழி இலக்கணம் பயின்ற பின்னரே மேற்சென்றார். பயணம் கப்பலில் தொடங்குவதன்று; பயிற்சியில் தொடங்குவது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நமக்கு ஆறு திங்கள் ஓய்வு வாய்ப்பது அரிது. எனினும் பத்து நாட்கள் போதும். முதலில் ஒன்று முதல் நூறு வரை எண்களைக் காதால் கேட்டு அறிதல் வேண்டும். எண் அறியாதவன் விலையும் அறியான், வண்டி புறப்படும் நேரமும் அறியான். அடுத்து நீர், உணவு, எங்கே, எவ்வளவு, மருத்துவர், நன்றி என்பன போன்ற இருபது சொற்களை மனப்பாடம் செய்க. சேரும் இடத்தின் பெயரையும் முகவரியையும் அந்நாட்டு எழுத்திலேயே ஒருவரைக்கொண்டு தாளில் எழுதுவித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. நம் நாவில் பிழைபடும் பெயர் தாளில் பிழைபடாது. இக்காலத்துக் கைப்பேசி மொழிபெயர்த்துக் கூறும் என்பது மெய்யே. ஆயினும் அதன் மின்கலம் தீர்ந்தவிடத்து அத்தாளே துணை.

ஒலி ஒத்த சொற்களை நம்பி மயங்குதல் கூடாது. செங்கோட்டைக் கணவாயைக் கடந்து கேரளம் புகுந்தால் 'வெள்ளம்' என்பது குடிநீரைக் குறிக்கும்; நம் நாட்டிலோ அது பெருக்கெடுத்தோடும் புனல். வடக்கே சென்று 'பால்' என்று கேட்டால், இந்தியில் அவ்வொலிக்கு நெருங்கிய ஒலியுடைய சொல் தலைமயிரைக் குறிப்பதால், கடைக்காரர் திகைப்பார். சைகையும் எங்கும் ஒன்றன்று. பல்கேரிய நாட்டில் தலையை மேலும் கீழும் அசைத்தல் மறுப்பைக் குறிக்கும். ஆதலின் தலையசைப்பைக் கொண்டு மட்டும் துணிதல் ஆகாது; மீண்டும் ஒருமுறை வினவித் தெளிதல் வேண்டும்.

வழி வினவுங்கால் 'இவ்வழிதானே?' என்று கேளற்க. வினாவின் பொருள் விளங்காதவரும் 'ஆம்' என்றே கூறிவிடுவர். ஊர்ப்பெயரைச் சொல்லி, 'எங்கே?' என்று வினவி, அவர் கைகாட்டும் திசையை நோக்குக. சிறிது தொலைவு சென்று வேறொருவரிடமும் கேட்டு ஒத்துப்பார்க்க. பணமனைத்தையும் ஓரிடத்தில் வையாதீர். இடர் நேர்ந்தால் இந்தியாவில் எவ்விடத்தும் 112 என்னும் எண்ணை அழைக்கலாம். புகைவண்டிப் பயணத்தில் 139 என்னும் எண் உதவும்.

இவை யாவற்றினும் சிறந்தது பணிவு. பிறர் மொழியை எள்ளி நகைப்பவனுக்கு எவரும் வழிகாட்டார். தவறாயினும் அவர்தம் மொழியில் இரண்டு சொற்களைப் பேச முயல்பவனைக் கண்டால் மக்கள் மகிழ்வர், திருத்துவர், உடன்வந்தும் உதவுவர்.

மாணவர்களே! இவ்வறம் நாம் செல்லும் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இன்று திருப்பூர் முதலிய நகரங்களில் வடநாட்டுத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். கையில் முகவரித் தாளுடன் பேருந்து நிலையத்தில் திகைத்து நிற்கும் அவர்களுள் ஒருவர்க்கு, நம் தமிழே புரியாத வேற்றுமொழி. காசியில் நம்மவர் எதிர்பார்க்கும் கனிவை அவர் நம்மிடம் எதிர்பார்க்கின்றார். அவர் சொல்லைக் கேட்டு நகையாது, அத்தாளை வாங்கிப் படித்து, உரிய பேருந்தில் ஏற்றிவிடுதல் நம் கடமையாகும்.