இணையவழிப் பேச்சுக்கு ஏற்ற ஹெட்செட்

வெளியூர் வியாபாரிகளுடன் இணையத்தின் வழியே பேசி ஆர்டர் பெறுவது இந்நாளில் சிறிய சங்கங்களுக்கும் எளிதாயிற்று. ஆயினும், அப்பேச்சில் ஒரு சொல் பிசகினால் வரும் நட்டம் அங்கத்தினர் அனைவரையும் சாரும். நாம் “பத்துச் சேலை” என்பது மறுமுனையில் “பட்டுச் சேலை” என்று கேட்குமாயின் என்ன ஆகும்? இரண்டுக்கும் இடையே உள்ளது மெய்யோசை வேறுபாடு ஒன்றே. ஆகவே, சங்கப் பணத்தில் ஹெட்செட் வாங்குமுன் அதன் இயல்பை நாம் அறிந்திருத்தல் நலம்.

ஹெட்செட் என்பது காதில் பொருந்தும் ஒலிப்பானும் பேச்சை வாங்கும் மைக்கும் ஒன்றாய் அமைந்த கருவி. கடையில் நாம் பாட்டைக் கேட்டுப் பார்த்து ஒலிப்பானை மட்டுமே சோதிக்கிறோம். நம் சொல்லை மறுமுனைக்குச் சேர்ப்பது மைக் அன்றோ? முதலில் சோதிக்க வேண்டியது அதுவே.

1. மைக் நிற்கும் இடம்: வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால், அதனை அடையும் குரலின் ஒலியழுத்தம் ஏறக்குறையப் பாதியாகும், தறிச் சத்தமோ குறையாது. எனவே, வயரில் தொங்கும் மைக்கைவிட, கன்னத்தையொட்டி வளைந்துவரும் தண்டின் நுனியில் உள்ள மைக்கே தறிக்கூடத்துக்கும் பம்ப்செட் கொட்டகைக்கும் ஏற்றது. அதனை வாய்க்கு நேரே வையாது, வாயோரத்தில் இரு விரற்கடை தள்ளி வைத்தால் மூச்சுக்காற்று மோதி இரையாது.

2. இரைச்சல் நீக்கம்: பெட்டியின்மேல் இவ்வாறு அச்சிட்டிருப்பின், யாருக்கு நீக்கம் என்று கேட்க வேண்டும். ‘ஏ.என்.சி.’ எனப்படுவது அணிந்தவர் காதுக்கு வரும் சத்தத்தைக் குறைப்பது. எதிரே கேட்பவருக்கு அதனால் பயனில்லை. மைக்கில் புகும் இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடு வேறு. நமக்கு வேண்டியது பின்னதே.

3. இணைப்பு: 3.5 மி.மீ. பின்னில் மூன்று வளையங்கள் இருந்தால் மைக்குக்கும் வழி உண்டு. இரண்டே இருந்தால் பெரும்பாலும் கேட்க மட்டுமே உதவும். யு.எஸ்.பி. இணைப்பு கணினிக்குச் சௌகரியமானது. புளூடூத் வகைக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். மேலும், அவற்றுள் பலவற்றில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் ஒலியின் தரம் குறையும். ஆதலால் பாட்டை மட்டும் கேட்டு அதனைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது.

4. காது: அருகிலுள்ளோரிடமும் பேசவேண்டிய எழுத்தருக்கு ஒற்றைக் காது வகை போதும். சத்தமுள்ள இடத்துக்கு இரு காதுகளையும் மூடும் வகையே தக்கது. இன்றேல் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் 80 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் வரம்பு.

வாங்கும் முன்போ, மாற்றித்தரும் கெடு முடியும் முன்போ ஒரு சோதனை செய்க. தறி ஓடும்போதே ஒருவர் ஹெட்செட் அணிந்து, நூல் நம்பர், நிறம், எண்ணிக்கை, விலை ஆகியவற்றைக் கலந்து இருபது சொற்களை இணையத்தில் வாசிக்கட்டும். வேறோர் இடத்தில் இருப்பவர் கேட்டதைக் கேட்டபடி எழுதட்டும். பின் இரு தாள்களையும் ஒப்பிடுக. பிழை குறைந்ததே நமக்கு உரிய கருவி. விலை மிகுந்ததாய் இருக்க வேண்டுவதில்லை.

நல்ல கருவி வாய்த்தபின்னும், ஆர்டரின் எண்ணிக்கையையும் விலையையும் ஒருமுறை திருப்பிச் சொல்லி, எழுத்திலும் பெற்றுக்கொள்வோமாக. நெய்தபின் திருத்துவதைவிட நெய்யுமுன் கேட்டுக்கொள்வது எளிது.