மறதி நோயும் மூளையின் உயிரணுக்களும்

முதியோர் சிலர் தாம் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்து, சற்றுமுன் உண்ட சோற்றை உண்ணவேயில்லை என்று சாதிப்பதை நாம் காண்கின்றோம். 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று கூறி, அவரைக் கடிந்தோ நகைத்தோ அப்பாற் செல்லுதல் நம்மவர் வழக்கம். மூப்புக்கு மறதி இயல்பே என்னும் கொள்கையில் ஓரளவே உண்மை உண்டு. அத்தடுமாற்றத்தின் பின்னே, கண்ணாற் காணத்தக்கதோர் ஊறு மூளையின் உயிரணுக்களில் இருத்தல் கூடும் என்பதை வெளிப்படுத்தியவர் அலோயிஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர். அவர் கண்டது இன்னதென்பதை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வோம்.

1864-ஆம் ஆண்டில் பவேரியாவில் பிறந்த அல்சைமர், 1888-இல் பிராங்க்பர்ட் நகரில், சித்தப்பிரமை கொண்டோர்க்கும் காக்கைவலிப்பு உடையோர்க்கும் அமைந்த மருத்துவசாலையில் வைத்தியரானார். அடுத்த ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த பிரான்ஸ் நிஸ்ல் என்பவர் நரம்பணுக்களுக்குச் சாயமேற்றும் முறையொன்றைக் கண்டவர். சாயமேற்றாத மூளைத்துண்டம் பூதக்கண்ணாடியில் ஏறக்குறைய ஒரே நிறமாய்த் தோன்றும். தக்க சாயம் ஏறியபோதே அணுவும் அதன் உட்கருவும் பிரிந்து புலனாகும். ஆதலின் இவ்வாராய்ச்சியின் வரலாறு பாதிக்கு மேல் சாயங்களின் வரலாறே எனலாம்.

1901-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் தேதி அம்மருத்துவசாலையில் அவுகுஸ்டே என்னும் அம்மையார் சேர்க்கப்பட்டார். வயது ஐம்பத்தொன்றே, கணவர் ரெயில்வே குமாஸ்தா. மறுநாள் அல்சைமர் வினாவியவையும் அம்மையார் விடையிறுத்தவையும் ஏட்டிற் குறிக்கப்பட்டுள்ளன. பெயர் யாதெனக் கேட்க, 'அவுகுஸ்டே' என்றார். கணவர் பெயர் யாதெனக் கேட்கவும், 'அவுகுஸ்டே' என்றே கூறினார். பென்ஸில், பேனா, திறவுகோல் முதலியவற்றைக் காட்டியபோது அவற்றின் பெயர்களைப் பிழையின்றிச் சொன்னார். சிறிது பொழுது கழித்து, காட்டிய பொருள்கள் எவையென்றதற்கு ஒன்றும் நினைவில்லை. பூக்கோசும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருக்கையில், உண்பது கீரை என்றார். தம் பெயரை எழுதச் சொன்னபோது முதற்சொல்லை எழுதியபின் எஞ்சியதை மறந்து நின்றார். 'நான் என்னையே இழந்துவிட்டேன்' என்பது அவர் கூறியதாகக் காணப்படும் சொல். எம் பாட்டியார் உண்ட சிறிது நேரத்திற்குள் மீண்டும் இலை போடச் சொன்னபோது, சிறுவராயிருந்த நாங்கள் கைகொட்டி நகைத்தது, இவ்வேட்டினைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எம் நினைவுக்கு வருகின்றது.

நிற்க. 1903-இல் அல்சைமர் மியூனிக் நகருக்குச் சென்று, கிரேப்பெலின் என்னும் பேராசிரியரின் மருத்துவசாலையில் ஆராய்ச்சிக்கூடம் நடத்தினார். எனினும் அவ்வம்மையாரை அவர் மறந்தாரல்லர். 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ஆம் தேதி அம்மையார் இறக்கவே, அவருடைய மூளை மியூனிக்குக்கு வந்து சேர்ந்தது. அது முழுவதும் ஒருபடித்தாய்ச் சுருங்கியிருந்தது.

பீல்ஷோவ்ஸ்கி என்பவர் சில ஆண்டுகளுக்கு முன் வகுத்த வெள்ளிச் சாயத்தை அல்சைமர் கையாண்டார். புகைப்படத் தகட்டில் வெள்ளி கருத்துப் படிவதுபோல, இம்முறையில் நரம்பணுவினுள் உள்ள நுண்ணிய இழைகள் கருமையாய்த் தோன்றும். அவர் கண்டது இது: வேறொரு குறையுமின்றித் தோன்றிய அணுக்களில் ஓரிரண்டு இழைகள் மட்டும் தடித்திருந்தன. வேறு அணுக்களில் அத்தகைய இழைகள் பல, அடுத்தடுத்து ஓடிக் கற்றையாயின. இன்னுஞ் சில இடங்களில் உட்கருவும் அணுவும் சிதைந்தொழிய, சிக்குண்ட நூற்கட்டுப்போல இழைமுடிச்சு ஒன்றே எஞ்சி, ஈண்டு ஒரு நரம்பணு இருந்தது என்பதற்கு அடையாளமாய் நின்றது. புறணியிலுள்ள நரம்பணுக்களில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இம்மாறுதல் காணப்பட்டது. அன்றியும், அணுக்களுக்குப் புறம்பே, தினைமணியின் பெயரால் அவர் குறித்த நுண்ணிய படிவுகள் புறணியெங்கும் பரவியிருந்தன. இயல்பான இழைகள் ஏலாத சாயங்களை இம்முடிச்சுக்கள் ஏற்றமையால், இழையின் இரசாயன இயல்பே மாறியிருத்தல் வேண்டுமென அவர் ஊகித்தார். அவர்தம் ஆராய்ச்சியுள் எமக்கு மிகவும் வியப்பளிப்பது இவ்வூகமே.

அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய மனநோய் வைத்தியர் சபையில் இவற்றை எடுத்துரைத்தார். ஒருவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை! 1910-இல் கிரேப்பெலின் தம் நூலில் இந்நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார். அல்சைமருக்கோ, இது தனிநோயா, மூப்பின் மறதியே முந்தி வந்ததா என்னும் ஐயம் நீங்கவில்லை. 1911-இல் அவர் வெளியிட்ட மற்றொரு நோயாளியின் மூளையில் படிவுகள் இருந்தன, முடிச்சுக்கள் இல்லை. 1915-இல் தம் ஐம்பத்தொன்றாம் வயதில் அவர் இறந்தார்.

அவருடைய ஊகம் மெய்யென விளங்க எழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1984-இல் கிளென்னர், வாங் என்னும் இருவர் இந்நோயாளரின் மூளை இரத்தக்குழாய்களில் படிந்த புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அமிலாய்டு பீட்டா எனப்படும் அதுவே தினைப்படிவுகளிலும் உள்ளதென்பது அடுத்த ஆண்டில் தெரிந்தது. முடிச்சுக்களில் உள்ளது டௌ என்னும் வேறொரு புரதம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவோர் கழிகளைக் கயிற்றாற் பிணிப்பதுபோல, நரம்பணுவின் நீண்ட கிளைக்குள் உள்ள நுண்குழாய்களை இப்புரதம் நிலைநிறுத்துகின்றது. பாஸ்பேட்டு அளவுக்கு மிஞ்சி ஒட்டும்போது கயிறு கழியை விட்டு நீங்கித் தன்னோடு தானே முறுக்கிக்கொள்கின்றது; சாரம் தளர, அணுவிற்குள் நிகழும் போக்குவரத்தும் தடைப்படுகின்றது. புதிய நினைவைப் பதிக்கும் பகுதிக்கு வாயில்போன்ற புறணியிடத்தே இம்முடிச்சுக்கள் முதன்முதல் தோன்றிப் படிப்படியாய்ப் பரவுகின்றன என்பதை 1991-இல் பிராக் தம்பதிகள் காட்டினர். பழைய நினைவு நிற்கவும், சற்றுமுன் உண்டது மறந்துபோதற்குக் காரணம் இதனால் ஒருவாறு புலனாகும். நோய்க்கு மூலம் படிவோ முடிச்சோ என்னும் வாதம் முடிந்தபாடில்லை. படிவைக் கரைக்கும் லெக்கானெமாப் என்னும் மருந்து 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. அது நோயின் வேகத்தைச் சிறிது தணிக்குமேயன்றி இறந்த அணுவை மீட்பதில்லை.

அவுகுஸ்டே அம்மையாரின் ஏடு பல்லாண்டுகள் காணாமற் போயிருந்து, 1995-இல் பிராங்க்பர்ட்டில் அகப்பட்டது. அல்சைமர் சாயமேற்றிய கண்ணாடித் துண்டங்களும் பின்னர் மியூனிக்கில் கிடைத்தன. மீண்டும் பார்த்தவர்கள், அவர் எழுதியவாறே முடிச்சுக்களும் படிவுகளும் அவற்றில் இருத்தலைக் கண்டனர். ஏட்டினுள், அம்மையார் தம் பெயரை எழுத முயன்ற தாளும் இருந்தது.