கச்சான் காலத்துக் கால்கள்

கண்டி,
ஆடி மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குக் கீழே தோல் வெளிறிச் செதில் செதிலாக உரிகிறது, நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது, வலைப்பந்து விளையாடப் போகவே வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கண்டியில் இருந்தவரை இது இல்லையே, திருகோணமலைக்கு வந்த பிறகுதானே என்றும் கேட்டிருக்கிறாய். சரியான கேள்வி.

இங்கே காலையிலிருந்து தூறல். இதைக் கொண்டுவரும் காற்றுத்தான் அங்கே உன் காலைக் காயவைக்கிறது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, கிழக்கே இறங்க இறங்கச் சூடேறி உங்கள் பக்கம் வருகிறது. அதைத்தான் நம்மவர்கள் கச்சான் என்பார்கள். வைகாசி பிறந்தால் புரட்டாதிவரை அதன் ஆட்சிதான். கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று நினைக்காதே. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் கடலின் ஈரம் எங்கே இருக்கும்?

முகம் தப்பிக் கால் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. முகத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே மிகக் குறைவு. தோலின் மேற்படை, உயிரற்ற கலங்கள் கிடுகு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த அடுக்கு. இடையிலுள்ள கொழுப்புத்தான் உள்ளே இருக்கும் தண்ணீரைப் போகவிடாமல் தடுக்கிறது. அது கரைந்தால் ஓரங்கள் கிளம்பும். நீ காணும் செதில் அதுதான். கரைப்பதில் முதல் குற்றவாளி சவர்க்காரம். தோலின் அமில காரக் குறியீடு 5 அளவில் இருக்க, சாதாரணச் சவர்க்காரம் 9, 10 என்று காரத்தில் நிற்கும். அதோடு உங்கள் கிணற்றுத் தண்ணீர் நுரைக்கிறதில்லை, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்று உன் அம்மா சொன்னார். அப்படியான வன்னீரில் சவர்க்காரம் முழுதாகக் கழுவுப்படாது; காலில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே காலுக்குச் சவர்க்காரம் வேண்டாம். அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் பாதத்துக்கும் போட்டால் போதும். பீர்க்கங்காய் நாரால் செதிலைத் தேய்த்தெடுக்கும் வேலையும் வேண்டாம். தேய்த்த மறுநாள் இன்னும் மோசமாகும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் போய்வா, ஆனால் சொறிச்சலுக்கு நல்லது என்று வாளி வாளியாக வெந்நீரை ஊற்றாதே. சூடு அந்தக் கொழுப்பைத்தான் முதலில் எடுக்கும்.

குளித்ததும் துவாயால் ஒற்றியெடு. கால் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், பூச வேண்டியதைப் பூசு. எண்ணெயில் தண்ணீர் இல்லை. தோலில் இருக்கிற தண்ணீரை மூடிவைப்பதுதான் அதன் வேலை. மதியம் காய்ந்த காலில் தடவினால் மினுக்கம்தான் மிச்சம்.

எதைப் பூசுவது? வீட்டுத் தேங்காயெண்ணெயே போதும். 2004இல் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் காலில் வறட்சியுள்ள 34 பேரில் ஒரு பகுதியினருக்கு வேர்ஜின் தேங்காயெண்ணெயும் மற்றவர்களுக்குக் கனிம எண்ணெயும் கொடுத்து, நாளுக்கு இருமுறை இரண்டு வாரம் பூசவைத்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. இரவில் வாசலின் இன்னும் இறுக்கமாக மூடும். பாடசாலைச் சீருடையில் ஒட்டும் என்பதால் பகலில் வேண்டாம். ஒரு மாதத்தில் திருப்தியில்லை என்றால் பாமசியில் 10 வீத யூரியா கிறீம் கேள். யூரியா நம் தோலிலேயே இருக்கும் பொருள், தண்ணீரைப் பிடித்துவைக்கும். சொறிந்த புண்ணில் பட்டால் எரியும், அது ஆறிய பிறகு பூசு. ஆஸ்பத்திரியில் தரும் அக்குவஸ் கிறீமைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவிவிடு. பூசியபடியே விட்டால் சிலருக்கு எரிச்சல் தரும். சிநேகிதி கொடுத்தாள் என்று ஸ்டீரோய்ட் கிறீம் எதையும் தொடாதே. தோல் மெலிந்துபோகும்.

ஒன்றை அம்மாவிடம் கேள்: நீ குழந்தையாக இருந்தபோதும் கால் இப்படித்தானா, உள்ளங்கை ரேகைகள் அளவுக்கு மீறி ஆழமாக இருக்கின்றனவா என்று. இரண்டுக்கும் ஆம் என்றால் அது கச்சானின் வேலை மட்டுமல்ல. மீன்செதில் தோல் என்ற பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம். பிலாக்ரின் மரபணுவிலுள்ள குறைதான் அதற்குக் காரணம் என்பது 2006இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பூசுவதை நிறுத்த முடியாது. எங்காவது ஓரிடம் மட்டும் வெளிறி, வியர்க்காமல், தொட்டால் உணர்ச்சியும் இல்லாமல் இருந்தால் எண்ணெய் பூசிக்கொண்டு காத்திருக்காதே. தொழுநோய் இன்னும் நம் நாட்டைவிட்டுப் போகவில்லை. மருந்து இலவசம், முற்றாகக் குணமாகும்.

அப்பம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறதல்லவா? நரம்பு பழுதானால் பாதம் வியர்க்காது, வெடிக்கும், வெடித்தது வலிக்கவும் மாட்டாது. இரவில் உன் காலுக்குப் பூசும்போது அவருடைய குதிக்காலையும் டோர்ச் அடித்துப் பார். விரலிடுக்கில் மட்டும் பூசாதே, ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வெடிப்பில் சிவப்போ நீரோ கண்டால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு.

அன்புடன்,
மாமா