மலச்சிக்கல்: மருந்தும் வசதியும்

2015ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிகு’ என்னும் இந்தித் திரைப்படம், மலச்சிக்கலால் அல்லலுறும் வங்காள முதியவர் ஒருவரின் கல்கத்தாப் பயணத்தை நகைச்சுவையுடன் சித்திரித்தது. ஆனால் இக்கோளாறு நகைப்புக்குரியதன்று. முதியோருக்கு மட்டும் உரியதுமன்று.

வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாக மலம் கழிதல், மலம் இறுகுதல், முக்கிக் கழிக்க வேண்டியிருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். பெருங்குடல், கழிவிலுள்ள நீரை உறிஞ்சும் இயல்புடையது. கழிவு தங்கும் நேரம் கூடக் கூட மலம் இறுகுகிறது. நார்ச்சத்துக் குறைவு, நீர்க் குறைவு, உடலுழைப்பின்மை, இரும்புச்சத்து மாத்திரை போன்ற சில மருந்துகள், தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியன முக்கியக் காரணங்கள். மலம் கழிக்கும் உணர்வை அடிக்கடி அடக்குவதும் ஒரு காரணமாகும்.

இந்த இறுதிக் காரணம் தனிமனிதரின் பழக்கத்தை மட்டும் பொறுத்ததன்று. கானிங், லட்சுமிகாந்தபூர் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் புறநகர் மின்ரயில்களில் ஏறி, ஏராளமான பெண்கள் கல்கத்தாவுக்கு வீட்டுவேலைக்கு வருகின்றனர். இவ்வண்டிகளில் பொதுவாகக் கழிப்பறை இல்லை. வேலை செய்யும் வீடுகள் பலவற்றிலும் கழிப்பறையைப் பயன்படுத்த அவர்களுக்கு அனுமதி கிடைப்பதில்லை. ஆகவே உணர்வை அடக்குவதுடன், தண்ணீர் அருந்துவதையும் குறைத்துக்கொள்ளும் நிலை ஏற்படுகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் குடிநீரையும் கழிப்பிடத்தையும் தொழிற்சாலைகளில் கட்டாயமாக்கியது. இல்லமே பணியிடமாகிய இப்பெண்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை.

சிகிச்சையின் முதற்படி உணவாகும். 2,000 கலோரி உணவில் சுமார் 30 கிராம் நார்ச்சத்து இருத்தல் நலம். முழுத் தானியம், பருப்பு, கீரை, பழம் ஆகியவை அதனைத் தரும். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் இசப்கோல் உமி, நீரை ஈர்த்து மலத்தை இளக்கும். எனினும் போதிய நீரின்றி உட்கொண்டால் அதுவே அடைப்பை உண்டாக்கலாம். நமது திருநெல்வேலிச் சீமையின் பெயரால் உலகச் சந்தையில் அறியப்படும் நிலாவாரை குடலைத் தூண்டும் மருந்து. மருத்துவர் ஆலோசனையின்றி அதனை நெடுநாள் உட்கொள்ளலாகாது. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, இரத்தசோகை, கடும் வயிற்றுவலியுடன் வாந்தி, ஐம்பது வயதுக்குப் பின் திடீரெனத் தோன்றும் மாற்றம் ஆகியவை இருப்பின் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

‘நிறையத் தண்ணீர் அருந்துங்கள்’ என்பது செலவில்லாத அறிவுரை. கழிப்பிடம் இல்லாத பெண்ணால் அதனைப் பின்பற்ற இயலாது. ரயில் நிலையங்களில் தூய கழிப்பறைகளை அமைப்பது அரசின் கடமை. வீட்டுக் கழிப்பறையின் கதவைப் பணியாளருக்குத் திறந்துவிடுவது குடிமக்களாகிய நம் கடமை. இவ்விரண்டும் நிறைவேறினால்தான் மருத்துவர் கூறும் அறிவுரை பயன் தரும்.