கணினி பழசு, அதன் காலம் முடியவில்லை: லினக்ஸ் மின்ட் நிறுவும் முறை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்ததான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 சிப் இருந்தாக வேண்டும் என்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புராசசராவது வேண்டும் என்கிறது. அதனால் 2017-க்கு முன் வாங்கிய நல்ல மடிக்கணினிகள் ஏறக்குறைய எல்லாமே வரிசைக்கு வெளியே நின்றுவிட்டன. அவற்றின் கீபோர்டு தேயவில்லை, திரை மங்கவில்லை. முடிந்துபோனது ஒரு நிறுவனத்தின் ஆதரவுக் கெடு மட்டும்தான். விண்டோஸ் 10 இன்னும் ஓடத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஓடும். தனிப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்பும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியை அப்படி விட்டுவைப்பது சரியல்ல. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை அதில் போட்டுவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் பாதுகாப்பாக உழைக்கும். நிறுவும்போது எல்லாம் அழிந்துவிடுமோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. பயப்பட வேண்டிய இடம் நிறுவும் திரை அல்ல. அதற்கு முன் செய்யும் ஏற்பாடுகள்தான். அவற்றைச் சரியாகச் செய்தால் எந்தக் கட்டத்திலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

முதலில் கணினியை அளந்து பாருங்கள். விண்டோஸின் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்று போனால் ராம் எவ்வளவு, புராசசர் 64 பிட்டா என்பது தெரியும். 4 ஜிபி ராமும் 64 பிட் புராசசரும் இருந்தால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருத்தம். விண்டோஸில் பழகிய கைக்கு அதன் மெனு உடனே பிடிபடும். 2024-ல் வந்த 22-ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 2 ஜிபி ராமிலும் மின்ட் ஏறும், ஆனால் நாலைந்து டேப் திறந்தாலே திணறும். இயங்குதளம் இளைத்தாலும் இணையதளங்கள் இளைப்பதில்லை. அப்படிப்பட்ட கணினியில் லுபுண்டு என்ற இன்னொரு லினக்ஸைப் போட்டு, கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் வைத்துக்கொள்வது நியாயம். 32 பிட் மட்டுமே உள்ள கணினிக்கு வழி குறுகிவிட்டது. டெபியன் லினக்ஸே 2025-ல் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவியைக் கைவிட்டது. ஆன்டிஎக்ஸ் போன்ற சில மட்டும் இன்னும் கைகொடுக்கின்றன.

செலவழிக்க வேண்டிய ஒரே இடம் ஹார்ட் டிஸ்க். சுழலும் டிஸ்க் உள்ள கணினியில் எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் பிரவுசர் திறக்கக் காத்திருக்கத்தான் வேண்டும். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பொருத்துங்கள். பல பழைய மடிக்கணினிகளில் அடிமூடியில் சில திருகுகளைக் கழற்றினால் போதும். வேகம் கூடுவது ஒரு பலன். அதைவிடப் பெரிய பலன், உங்கள் விண்டோஸும் கோப்புகளும் பழைய டிஸ்க்கில் தொடப்படாமல் அப்படியே இருப்பது. லினக்ஸ் ஒத்துவரவில்லை என்றால் அதையே திரும்ப மாட்டிவிடலாம். ஒத்துவந்தால், யூஎஸ்பி கேஸில் போட்டுக் கோப்புகளை நகலெடுக்கலாம். டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதை நீக்கிவிடுங்கள், அல்லது ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். எஸ்எஸ்டி வாங்காதவர்கள் எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அங்கிருந்து நாலைந்தைத் திறந்து பார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

டிஸ்க்கை மாற்றுவதற்கு முன்பே, மின்டின் ஐஎஸ்ஓ கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்குங்கள். ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். இறக்கியதும், கோப்பு மாற்றப்படாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் செக்சமைச் சரிபார்ப்பதைப் பலர் தாண்டிப் போகிறார்கள். 2016 பிப்ரவரியில் மின்டின் தளத்துக்குள்ளேயே ஹேக்கர்கள் புகுந்து, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றியிருந்தார்கள். ஒரே நாளில் கண்டுபிடிக்கப்பட்டது என்றாலும், தளத்தின் பெயரை மட்டும் நம்பினால் போதாது என்பதற்கு அது சாட்சி. தளத்தில் சொல்லியிருக்கும் முறைப்படி கையொப்பத்தையும் சேர்த்துச் சரிபார்ப்பது நல்லது. பிறகு ரூஃபஸ் என்ற மென்பொருளால் அந்தக் கோப்பை 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

பென் டிரைவைச் செருகி, கணினியை ஆன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். அதில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடும்; டிஸ்க்கில் ஒன்றும் எழுதப்படாது. இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர், கேமரா, திரை வெளிச்ச விசைகள் வேலை செய்கின்றனவா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, வீட்டுப் பிரின்டரில் ஒரு பக்கம் அச்சாகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை வராவிட்டால் பெரும்பாலும் பிராட்காம் சிப்பாக இருக்கும். போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் உரிய டிரைவரை அதுவே காட்டும்.

லினக்ஸில் கணக்கு மென்பொருளான டேலி ஓடாதே என்பது கடை வைத்திருப்பவர்களின் ஆட்சேபம். நியாயமானதுதான், டேலியை நம்பித் தொழில் நடத்துபவர் அந்தக் கணினியை மாற்றவே வேண்டாம், வீட்டில் இருக்கும் இன்னொன்றை மாற்றலாம். வேர்டு கோப்புகளை லிப்ரேஆபிஸ் திறக்கும். சிக்கலான பக்க அமைப்பு கொஞ்சம் கலையலாம். லினக்ஸ் பழகாத ஒன்று என்ற ஆட்சேபம் தமிழ்நாட்டில் அவ்வளவாகப் பொருந்தாது. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்தவற்றில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே இருந்தது.

எல்லாம் சரியாக இருந்தால் திரையில் உள்ள இன்ஸ்டால் ஐகானை அழுத்துங்கள். மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும்போது டிக் செய்யுங்கள். டிஸ்க் பற்றிய திரையில் எரேஸ் டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க் முழுவதும் காலியாகும். புது எஸ்எஸ்டியில் இழக்க ஒன்றுமில்லை. பழைய டிஸ்க்கிலேயே விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவும் வழியும் உண்டு. ஆனால் அதற்கு முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, இடத்தையும் சுருக்கித் தர வேண்டும். புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயர், பாஸ்வேர்டு கொடுத்தால் மீதியை அதுவே முடித்துக்கொள்ளும்.

முடிந்ததும் அப்டேட் மேனேஜரை ஓடவிட்டு, டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் ஏதாவது அப்டேட் கெடுத்தால் பழைய நிலைக்கு வரலாம். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99, பொனெட்டிக் இரண்டும் கிடைக்கும். பாமினியில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருவை விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து, உங்கள் ஹோம் ஃபோல்டரில் .fonts என்று (முன்னால் புள்ளியோடு) ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் போடுங்கள். கோப்புகள் அப்படியே தெரியும். இனி எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள். பழையவற்றையும் நேரம் கிடைக்கும்போது மாற்றி வைத்தால் தேடும்போது அகப்படும்.